மத்தின் நீளமும் கிண்ணத்தின் அகலமும்: சித்தப்பாவுக்கு மரக் கடைசல் லேத் வாங்கிய விவரம்

சித்தப்பா பணி ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "தம்பி, மரம் கடைவதற்கு ஒரு லேத் வாங்கப் போகிறேன். எது நல்லது, சொல்" என்றார். கோவையில் இயந்திரப் பட்டறைகளில் இரும்பு கடைந்து இருபத்திரண்டு ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் கடைந்து பத்து ஆண்டுகள் என்று என் கணக்கு ஓடுவதால், குடும்பத்தில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

"எந்த லேத் என்பதை அப்புறம் பார்க்கலாம் சித்தப்பா. முதலில் என்னென்ன கடையப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்" என்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் எழுதி வைத்திருந்தார். பேத்திக்குச் சொப்புச் சாமான். சித்திக்கு ஒரு மத்து, ஒரு சப்பாத்திக் கட்டை. பழம் வைக்க எட்டு அங்குலக் கிண்ணம். பம்பரம். உளிகளுக்குக் கைப்பிடி. கடைசியில், பென்சிலால் எழுதி அடித்து மறுபடி எழுதிய ஒரு வரி: கட்டில் கால்.

வாங்கியது, வாங்காமல் விட்டது, வாங்கிய பின் மாற்றியது எல்லாவற்றையும் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன். லேத் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து மோட்டாரின் எச்.பி.யைப் பார்க்கிறார்கள். கடையப் போகும் பொருளை அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. சித்தப்பாவின் பட்டியலில் இருந்த மத்தும் கிண்ணமும் சொப்பும்தான் எங்களுக்கு லேத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தன.

எங்கள் குடும்பத்துக்கு அம்பாசமுத்திரம் பூர்வீகம். மரச் சொப்புக்குப் பேர் போன ஊர். மஞ்சள் கடம்பு மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றுவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவிப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, இன்னொருவர் தரையில் உட்கார்ந்து உளி பிடித்தார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னோக்கி வரும்போது மட்டும் உளி வெட்டும். தயிர் கடையும் மத்தும் அதே கயிற்றில், அதே மாதிரிதான் சுழல்கிறது. தயிருக்கும் மரத்துக்கும் நாம் 'கடைதல்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதன் காரணம் அந்தக் கயிற்றைப் பார்த்தவர்களுக்குப் புரியும். சித்தப்பா சிறுவயதில் அதைப் பார்த்தவர். அவருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே தவறான இயந்திரத்தை அவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு இருந்தது.

இடம், கரண்ட், கை

வீடு தனி வீடு. கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே ஆறடிக்கு நான்கடி இடம் ஒதுக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடித் தொலைவில் இருக்கிறது. மின் இணைப்பு சிங்கிள் ஃபேஸ். அவருக்கு அறுபது வயது. வலது தோளில் பழைய வலி உண்டு. கையில் 80,000 ரூபாய். "அவ்வளவும் லேத்துக்கே" என்றார். "பாதிதான் லேத்துக்கு" என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் லேத் என்பது மரத்தைச் சுற்றும் வேலையை மட்டும்தான் செய்யும். மரத்தைப் பிடிக்கச் சக் வேண்டும், வெட்ட உளிகள் வேண்டும், உளியைத் தீட்டக் கிரைண்டர் வேண்டும், முகத்தையும் நுரையீரலையும் காக்கக் கவசம் வேண்டும். இவற்றுக்குப் பணம் வைக்காமல் லேத்தை மட்டும் வாங்கியவர்களின் வீட்டில் அது துணி மூடிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அளவுகளுக்கு வருகிறேன். மத்துக்குச் சித்தி கேட்ட நீளம் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 43 சென்டிமீட்டர். சப்பாத்திக் கட்டை 38. லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே எவ்வளவு நீளக் கட்டை நிற்கும் என்பதைச் சென்டர் தூரம் என்கிறோம். சிறிய லேத்துகளில் 14 அங்குலமும் 18 அங்குலமும் சகஜம். 14 அங்குலம் என்பது 35 சென்டிமீட்டர்தான். சப்பாத்திக் கட்டைகூட அதில் நிற்காது. 18 அங்குலம் 45 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஆக, குறைந்தது 18 அங்குலம் வேண்டும் என்பதை மத்து முடிவு செய்துவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை: விளம்பரத்தில் சொல்லும் தூரம் இரண்டு பக்கமும் சென்டர் முனை மாட்டியிருக்கும்போது கிடைப்பது. சக்கைத் திருகி மாட்டிவிட்டால் நான்கு அங்குலம்வரை போய்விடும்.

கிண்ணத்துக்கு வேண்டியது அகலம். ஸ்விங் என்ற அளவு, பெட்டுக்கு, அதாவது லேத்தின் நீளமான அடித்தளத்துக்கு, மேலே எவ்வளவு விட்டமுள்ள மரம் இடிக்காமல் சுழலும் என்பதைச் சொல்கிறது. 10 அங்குல ஸ்விங் என்றால் மைய அச்சிலிருந்து பெட்வரை 5 அங்குலம். உளியைச் சாய்த்து வைக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் அடித்துண்டு பெட்டின்மேல் நகர்ந்து வருமே, அதன் உயரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். 10 அங்குல லேத்தில் கிண்ணத்துக்கு நேர் கீழே அந்தத் துண்டு வந்துவிட்டால் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் கிடைக்கும். சித்தப்பாவின் கிண்ணம் எட்டு. இடிக்காமல் தப்பிக்கும், அவ்வளவுதான்.

கட்டில் காலை நான் அடித்துவிட்டேன். கட்டில் கால் வேண்டுமானால் மூன்றடிச் சென்டர் தூரமுள்ள லேத் வேண்டும். அந்த ஒரு வரிக்காக ஆறடி இடம் முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று கடைய முடியாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைபவர்களுக்கு நீளம்தான் உயிர். அவர்கள் நீளமான பெட்டில்தான் வேலை செய்ய முடியும். நமக்கு அது தேவையில்லை. சித்தப்பா ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், "சரி, கட்டில் வேண்டாம், முக்காலி போதும்" என்றார்.

பார்த்த நான்கு

முதலில் பார்த்தது இணையத்தில் கிடைக்கும் கைக்கடக்கமான மணி லேத். ஐந்தாறு கிலோ எடை, சிறிய டி.சி. மோட்டார். பாசிமணி, மோதிரம், சிறு பம்பரம் கடையலாம். எட்டு அங்குலக் கட்டையை அதில் மாட்டினால் லேத்தே மேசையிலிருந்து துள்ளிவிடும். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டோம்.

இரண்டாவதாக, பழைய இரும்பு லேத். கோவையில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஊரில் தெருவுக்குத் தெரு பட்டறை. நாலரை அடி பெட் லேத்துகள் எடைக்கு எடை விற்கும் இடங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் மிகக் குறைந்த விலைக்கு ஒன்றைத் தரத் தயாராக இருந்தார். சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "இவ்வளவு கனமாக இருக்கிறதே, அதிராதே" என்றார். உண்மைதான், அதிராது. ஆனால் மரக் கடைசலில் உளியைக் கையில் பிடித்து, டூல் ரெஸ்ட்டின்மேல் சாய்த்து, உடம்பை அசைத்து வெட்டுகிறோம். இரும்பு லேத்தில் உளி இறுக்கிப் பிடிக்கப்பட்டுத் திருகுகளால் நகர்கிறது. உளியைத் தாங்கி நகரும் கேரியேஜைக் கழற்றிவிட்டு மர டூல் ரெஸ்ட் ஒன்றைப் பற்றவைத்துப் பொருத்தலாம், செய்திருக்கிறார்கள். பழைய இயந்திரங்களின் வேகம் மத்துக்கும் பேனாவுக்கும் போதாது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து ஸ்லைடுகளில் பசையாக ஒட்டும். அந்த எண்ணெய் வெளிர் நிற மரத்தில் கறையாக ஏறும். நான் வேலை நாள் முழுக்க அந்த இயந்திரத்தோடு பழகுகிறவன், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, உள்ளூரில் செய்யும் மர லேத். தச்சுப் பட்டறைகளில் படிக்கட்டுக் கைப்பிடித் தூணும் கட்டில் காலும் கடைவது இதில்தான். ஐந்தடி சி-சேனல் பெட், நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் ஒரு எச்.பி. மோட்டார், இரண்டு பக்கமும் 3, 4, 5 அங்குலப் படிகளுள்ள புல்லி. எளிமையான, உழைக்கக்கூடிய இயந்திரம். பழுதானால் தெருமுனையில் சரிசெய்யலாம். விலையும் குறைவு. இதைத்தான் வாங்கியிருப்போம், இரண்டு விஷயங்கள் தடுத்திருக்காவிட்டால்.

ஒன்று, வேகம். மோட்டார்ப் பக்கம் 3, மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் பக்கம் 5 என்று பெல்ட்டைப் போட்டால் கிடைக்கும் மிகக் குறைந்த வேகம் 864. மரக் கடைசலில் பலரும் பின்பற்றும் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றின் எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வர வேண்டும். எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1,125 வரை. அப்படியானால் 864 சரிதானே என்று தோன்றும். அது வட்டமாகிவிட்ட கிண்ணத்துக்கான கணக்கு. ரம்பத்தில் அறுத்த கட்டை ஒரு பக்கம் கனமாக, எண்கோணமாக, பட்டையோடு வரும். அதை முதலில் மாட்டிச் சுழற்றும்போது 300, 400 என்று தொடங்க வேண்டும். 864-இல் அது லேத்தையும் சேர்த்து உதறும். வாங்குகிறவர்கள் எல்லோரும் 'எவ்வளவு வேகம் போகும்' என்று கேட்கிறார்கள். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேளுங்கள். கிண்ணம் கடைகிறவருக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியது அந்த மெதுவைத்தான்.

இரண்டாவது தடை, ஸ்பிண்டில் முனை. அந்த லேத்தின் மரை அந்தப் பட்டறைக்கே உரிய அளவில் இருந்தது. உள்ளே கூம்புத் துளையும் இல்லை. கடையில் விற்கும் மரச் சக்குகள் ஓர் அங்குலத்துக்கு எட்டு மரை என்ற ஒரு அங்குல அளவிலோ, எம்33 அளவிலோ வருகின்றன. சென்டர்களும் துளைச் சக்குகளும் இரண்டாம் எண் மோர்ஸ் என்ற பொது அளவுக் கூம்பில் வருகின்றன. இந்த இரண்டும் பொது அளவில் இல்லாத லேத்தை வாங்கினால், பின்னால் வாங்கும் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் தனியாக ஒரு அடாப்டர் செய்தாக வேண்டும். எனக்கு அது அரை மணி நேர வேலை. நான் ஊரில் இல்லாத நாளில் சித்தப்பா என்ன செய்வார்?

நான்காவது, வார்ப்பிரும்பு மினி லேத். 10 அங்குல ஸ்விங், 18 அங்குலச் சென்டர் தூரம், இரண்டாம் எண் மோர்ஸ், ஓர் அங்குல எட்டு மரை. எடை நாற்பது கிலோவுக்குச் சற்று மேல். இதிலேயே இரண்டு வகை இருந்தன. ஒன்றில் முக்கால் எச்.பி. சாதாரண இண்டக்ஷன் மோட்டாரும் ஐந்து படிப் புல்லியும், குறைந்த வேகம் 500. மற்றதில் குமிழைத் திருப்பினால் வேகம் மாறும் டி.சி. மோட்டார், மூன்று பெல்ட் நிலை, 250 முதல் 3,850 வரை.

குமிழ் வகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகமான பெல்ட் நிலையில் வைத்துவிட்டுக் குமிழால் மட்டும் 400-க்கு இறக்கிக் கிண்ணம் கடைகிறார்கள். உளி கொஞ்சம் ஆழமாகப் போனதும் மோட்டார் நின்றுவிடுகிறது. மோட்டாரின் திருப்புவிசை கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும்போது, சுற்று குறையக் குறைய அது தரும் திறனும் குறைகிறது. பெல்ட்டை மெதுவான நிலைக்கு மாற்றினால்தான் அந்த விசை பல மடங்காக மரத்துக்குப் போய்ச் சேரும். ஒரு நிமிடம் செலவழித்துப் பெல்ட்டை மாற்றச் சோம்பல்பட்டு, "இந்த லேத்துக்குச் சக்தி இல்லை" என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

வேகத்தை மட்டும் பார்த்தால் குமிழ் வகைதான். ஆனால் அதன் கட்டுப்பாட்டு அட்டை எரிந்துபோனால் மாற்று அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு விற்பவரிடம் தெளிவான பதில் இல்லை. இண்டக்ஷன் மோட்டாரை எங்கள் தெருவிலேயே ரீவைண்டிங் செய்து தருவார்கள். கோவையில் இருக்கும் சித்தப்பாவுக்கு நான் இண்டக்ஷன் மோட்டாரைச் சொன்னேன். மோட்டார்க் கடையே இல்லாத ஊரில், உத்தரவாதம் தரும் விற்பனையாளர் பக்கத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் குமிழைத்தான் சொல்லியிருப்பேன்.

கடையில் செய்த சோதனை

என் பையில் நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ், ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு துண்டுத் துணி. கடைக்காரர் பொறுமையானவர்.

முதலில் இரண்டு பக்கமும் கூர்முனைச் சென்டர்களை மாட்டி, மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளி இரண்டு முனைகளும் மூக்கோடு மூக்கு தொடும்படி வைத்தேன். முதலில் பார்த்த லேத்தில் முனைகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றன. அதே மாடலில் இரண்டாவது பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதில் முனைகள் நேராகச் சந்தித்தன. ஒரே பெயர், ஒரே விலை, வெவ்வேறு கை. அதனால்தான் நேரில் பார்த்து வாங்குங்கள் என்று கெஞ்சுகிறேன். மத்துக்கு இந்த விலகல் பெரிதில்லை. டெயில்ஸ்டாக்கிலிருந்து துளையிடும்போதும், கிண்ணத்தைத் திருப்பி மாட்டும்போதும் அது வதைத்துவிடும்.

அடுத்து டயல் கேஜை ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் தொடவைத்து, துளையைத் துணியால் துடைத்துவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் 0.02 மில்லிமீட்டருக்குள் ஆடியது. மரத்துக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பிறகு டூல் ரெஸ்ட் அடித்துண்டை இறுக்கி, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன். நகரவில்லை. டெயில்ஸ்டாக் சக்கரத்தைப் பின்னால் சுற்றியபோது சென்டர் தானாக வெளியே வந்தது.

கடைசியாக நாணயம். லேத்தைச் சமமான மேசையில் வைத்து, மரம் எதுவும் மாட்டாமல் ஓடவிட்டு, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின்மேல் ஐந்து ரூபாயை விளிம்பில் நிறுத்தினோம். ஐந்து படியில் நான்கில் நின்றது. உச்ச வேகத்தில் மட்டும் நடுங்கி விழுந்தது. "விழுந்துவிட்டதே" என்றார் சித்தப்பா. அந்த வேகத்தில் அவர் கடையப் போவது பேனா அளவுப் பொருளைத்தான் என்பதால் எனக்குக் கவலை இல்லை. பெல்ட் புதிதாக இருந்தால் மடிந்திருந்த இடம் சில மணி நேரம் இப்படிக் குதிக்கும். அதே போலத்தான் ஆயிற்று. ஒரு வாரத்தில் உச்ச வேகத்திலும் நாணயம் நின்றது.

லேத்தைத் தவிர்த்த மீதி

நான்கு தாடைச் சக்கில் நாங்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. சொப்புக்குச் சக்தான் எல்லாமே. சின்னக் குடத்தின் வாயைக் குடைய வேண்டுமானால் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். மறுபக்கத்தை ஏதாவது ஒன்று இறுகப் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய சக்கின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ.

உளிகள் ஐந்து: உருட்டுக்கான பெரிய வளைவு உளி, நுணுக்கத்துக்கான சிறிய வளைவு உளி, சாய்வு உளி, துண்டிக்கும் உளி, கிண்ண உளி. எல்லாம் ஹை ஸ்பீடு ஸ்டீல். மலிவான கார்பன் ஸ்டீல் உளியும் வெட்டும், ஆனால் கிரைண்டரில் ஒரு நொடி கூடுதலாக வைத்தால் நுனி நீலமாகிவிடும். நீலம் வந்தால் பதம் போயிற்று. ஹை ஸ்பீடு ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். புதிதாகத் தீட்டப் பழகுகிறவருக்கு அந்த மன்னிப்பு தேவை. அந்த ஐந்தில் உருட்டுக்கான பெரிய வளைவு உளியைக் கிண்ணத்தின்மேல் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதன் வால் பகுதி மெல்லியது, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒடிந்துவிடும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் சித்தப்பாவையே எழுதச் சொன்னேன்.

கிரைண்டர் எட்டு அங்குலம், 1,425 சுற்று ஓடும் மெதுவான வகை. ஒரு பக்கத்தில் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல். மொக்கை உளியோடு நல்ல லேத்தில் நிற்பதைவிடக் கூரான உளியோடு சுமாரான லேத்தில் நிற்கலாம். மொக்கையான உளி மரத்தை வெட்டாமல் கிழிக்கும். கிழிக்கிறதே என்று அழுத்துவோம். அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

பெஞ்சின் உயரத்தைச் சித்தப்பாவின் முழங்கையை வைத்து அளந்தேன். கையை மடக்கி நின்றபோது தரையிலிருந்து முழங்கை 105 சென்டிமீட்டர். சுழலும் அச்சும் அதே உயரத்தில் வர வேண்டும். அதிலிருந்து லேத்தின் அடியிலிருந்து அச்சுவரை உள்ள உயரத்தைக் கழித்துப் பெஞ்சைச் செய்தோம். கீழ்த் தட்டில் நான்கு மணல் மூட்டை. நாற்பது கிலோ லேத் ஆடாமல் நிற்க அந்த மணல் போதும். தோள்வலிக்காரர் குனிந்து நின்றால் ஒரு மாதத்தில் இந்த ஆசையே போய்விடும்.

உடையைப் பற்றி எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. அவர் வீட்டில் எப்போதும் வேட்டிதான், தோளில் துண்டு. "பம்பரம் கடைய எதற்குத் தம்பி பேன்ட்?" என்றார். ஸ்பிண்டிலில் ஒரு கிழிந்த துணியின் ஓரத்தை உரசவிட்டுக் காட்டினேன். கண் இமைப்பதற்குள் முழுத் துணியும் சுருண்டு உள்ளே போயிற்று. அவர் வேறு பேச்சுப் பேசவில்லை. வேட்டி இல்லை, துண்டு இல்லை, முழுக்கை இல்லை, கையுறை இல்லை, கழுத்துச் சங்கிலி சட்டைக்குள்ளும் இல்லை. முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம். தேய்க்கும்போது மூக்குக்கு என்95 முகக்கவசம். மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நம் ஊர்த் தோட்டத்தில் வெட்டிப் போடும் மரமெல்லாம் லேத்துக்கு ஆகாது என்பதையும் சொல்லிவைத்தேன். அரளி மரம் நச்சு, தொடவே வேண்டாம்.

எங்கள் கைக்கு வந்த விலைப்படி கணக்கு இது: லேத் 38,000. சக் 9,500. உளிகள் 9,000. கிரைண்டரும் கல்லும் 8,500. பெஞ்ச் 4,000. கவசங்கள் 2,500. மொத்தம் 71,500. லேத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேல்.

முதல் ஆறு மாதம்

முதல் மாதம் பம்பரமும் சப்பாத்திக் கட்டையும் மட்டும். கொய்யாக் கிளையில் பம்பரம், பூவரசில் கட்டை. பூவரசு உளிக்குக் கீழே நீளமான சுருளாக வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதம் சொப்பு.

மூன்றாம் மாதம் வாகைக் கட்டையில் முதல் கிண்ணம். நான் பக்கத்தில் இல்லாத நேரம். 900 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றரைக் கிலோக் கட்டை சக்கிலிருந்து பிய்ந்து கிளம்பி, மதில்சுவரில் மோதிப் பிளந்து விழுந்தது. எட்டு அங்குல விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு ஒன்பதரை மீட்டர், மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஓடவிடும்போது மரம் சுழலும் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள், ஓர் அடி ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒதுங்கி நின்றிருக்கிறார். அதனால் தப்பினார்.

மாலையில் போய் உடைந்த அடித்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சக் பிடிப்பதற்காகக் கட்டையின் அடியில் விட்டிருந்த குமிழ் நீளமாக இருந்தது. அதன் தலை சக்கின் அடித்தளத்தில் முட்டி நின்றிருக்கிறது. முட்டினால் கிண்ணத்தின் தோள் தாடைகளின்மேல் உட்காராது, பிடி முழுவதும் குமிழின் பக்கங்களில் மட்டும் தொங்கும். குமிழைச் சக்கின் ஆழத்தைவிடக் குறைவாக விட வேண்டும். தோள் தாடையின் முகத்தில் தட்டையாக உட்கார வேண்டும். குமிழின் பக்கம் தாடையின் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்திருக்க வேண்டும். தாடைகள் ஏறக்குறைய முழு வட்டமாக மூடியிருக்கும் விட்டத்தில்தான் பிடி வலுவாக இருக்கும். அகலமாகத் திறந்தால் எட்டு முனைகள் மட்டும் மரத்தில் குத்தி நிற்கும். தவறு லேத்தில் இல்லை, சக்கிலும் இல்லை. முன்பே இதை வரைந்து காட்டாதது என் தவறு.

ஆனால் அந்தக் கிண்ணம் லேத்தின் குறை ஒன்றையும் காட்டிவிட்டது. பச்சை மரத்தில் கிண்ணம் கடையும்போது ஒரே மூச்சில் முடிப்பதில்லை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு முரடாகக் குடைந்து, வெட்டு முகத்தில் மெழுகு பூசி, சில மாதம் காய வைக்கிறோம். காய்ந்தபின் அது நீள்வட்டமாகக் கோணியிருக்கும். அதைத் திரும்ப மாட்டி வட்டமாக்கும்போதும், புதுக் கட்டையை முதலில் மாட்டும்போதும் லேத் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்கள் லேத்தின் 500 அதற்கு அதிகம். வாங்கும்போதே எனக்குத் தெரிந்த குறைதான். இவ்வளவு சீக்கிரம் சித்தப்பா கிண்ணத்துக்கு வந்துவிடுவார் என்று நினைக்கவில்லை.

நான்காம் மாதம் மோட்டாரை மாற்றினோம். ஒரு எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், அதோடு சிங்கிள் ஃபேஸ் உள்வாங்கி மூன்று ஃபேஸ் தந்து, ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தையும் மாற்றும் வி.எஃப்.டி. என்ற பெட்டி. 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருந்த மோட்டாரின் முனைப் பெட்டியைத் திறந்து தகடுகளை டெல்டா என்ற இன்னொரு இணைப்புக்கு மாற்றினேன். வி.எஃப்.டி. தரும் 230 வோல்ட்டுக்கு அதுதான் பொருந்தும். பெயர்ப்பலகையைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள். பழைய லேத் மோட்டாரையே வி.எஃப்.டி.யில் இணைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இந்த வகை வி.எஃப்.டி.யில் இணைத்தால் ஒன்று மோட்டார் போகும், அல்லது பெட்டி போகும். புது மோட்டாரின் தண்டு 19 மில்லிமீட்டர். பழைய புல்லியின் துளை சிறியது. அதை என் பட்டறையில் வைத்துப் பெரிதாக்கிச் சாவித்தடம் வெட்டினேன். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த். மொத்தச் செலவு 13,000. 80,000 என்ற வரம்பு 4,500 ரூபாய் தாண்டிவிட்டது.

இப்போது கீழ்ப்படிப் பெல்ட்டில் 20 ஹெர்ட்ஸ் வைத்தால் 200 சுற்று. கட்டை தன் கோணலைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது, மணல் மூட்டையோடு பெஞ்ச் அசையாமல் நிற்கிறது. வட்டமானதும் வேகத்தை ஏற்றுகிறார். குறைந்த ஹெர்ட்ஸில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டாரின் முதுகில் கை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தலைகீழாகச் சுற்றும் பொத்தானைச் செயலிழக்கச் செய்துவிட்டேன். சக் மரையில் திருகி நிற்பது. பின்பக்கம் சுற்றினால் அது தானே கழன்று வந்துவிடும்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் என்ன வாங்குவேன்? இதே வார்ப்பிரும்பு லேத்தைத்தான் வாங்குவேன். ஆனால் மோட்டாரையும் வி.எஃப்.டி.யையும் முதல் நாளே மாற்றிவிட்டு, பழைய மோட்டாரை விற்றுவிடுவேன். ஸ்விங்கை 12 அங்குலமாக்கியிருக்கலாமோ என்று சித்தப்பா அவ்வப்போது கேட்கிறார். பத்து அங்குலக் கிண்ணம் ஒன்று அவர் நோட்டில் ஏறியிருக்கிறது. அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வாகைக் கிண்ணங்கள் மூன்று, மெழுகு பூசி, தேதி எழுதி, மாடிப்படிக்குக் கீழே காய்கின்றன. மத்து போன வாரம் முடிந்தது. தண்டை 43 சென்டிமீட்டரில் தனியாகக் கடைந்து, தலையைச் சக்கில் பிடித்துத் தனியாகக் கடைந்து, இதழ்களைக் கையால் செதுக்கி, இரண்டையும் சேர்த்தார். மோர் படும் பொருள் என்பதால் பாலிஷ் எதுவும் போடவில்லை. சித்தி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கும் இடத்தில் இன்னும் ஒரு நூல் மெலிதாக வேண்டும் என்றார். சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் கார் ஷெட்டுக்குப் போனார்.